காது யாருக்கு? இரண்டு பக்கமும் மனம் உள்ள சிப்பாயை எழுதும் முறை

கொழும்பு புதுக்கடையில் நான் வேலை செய்யும் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்குக் காணி வழக்கு ஒன்றில் ஒரு தொலைபேசி ஒலிப்பதிவு வந்தது. அண்ணன் தம்பித் தகராறு. பதிவில் அண்ணன் யாரோ ஒருவரிடம் சொல்கிறார்: "அவனை நான் பாத்துக்கொள்ளுறன்." இந்த ஒரு வரியைச் சிங்களத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். தம்பியைக் கவனித்துக்கொள்கிறேன் என்றும் எடுக்கலாம், அவனுக்கு ஒரு வழி பண்ணுகிறேன் என்றும் எடுக்கலாம். குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. பதினொரு தடவை திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் இரண்டு பொருளையும் எழுதி, இரண்டுக்கும் இடமுண்டு என்று கீழே குறிப்பு வைத்தேன்.

அன்றிரவு வெள்ளவத்தை வீட்டில் நித்திரை வரவில்லை. குறிப்பு வைக்க இடமில்லாத வேலையாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? ஒரே ஒரு பொருளைத்தான் எழுதலாம், நான் எழுதியதை வைத்து ஒரு படைப்பிரிவு புறப்படும், பேசியது என் சொந்த அண்ணன் என்றால்? அந்தக் கேள்வி நாலு வருடத்தில் ஒரு நாவலாக வளர்ந்தது. செவ்வாய்க் கிரகம், இரகசியப் படை, இரண்டு பக்கமும் இழுபடுகிற சிப்பாய்கள். இந்த வகை நாவலைத் தமிழில் எழுத ஆசைப்படுகிறவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களுக்காக, நான் கைப்பட்டுக் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் சிப்பாய்க்கு ஒரு வேலை கொடுங்கள். துப்பாக்கியைப் பிறகு கொடுக்கலாம். "இரகசியப் படை" என்று எழுதியவுடன் நம் மனதில் கறுப்பு உடுப்பும் முகமூடியும் வந்து நிற்கும். அதோடு நின்றால் நாவல் முப்பதாம் பக்கத்தில் மூச்சுவாங்கும். அவர்கள் காலை எழுந்து என்ன செய்கிறார்கள்? எந்தக் கருவியைத் துடைக்கிறார்கள்? எதில் கையொப்பம் வைக்கிறார்கள்? என் படை ஒட்டுக்கேட்கிறது. செவ்வாயில் குடியேறிய மக்களின் வானொலிப் பேச்சை, அதைச் சுற்றும் நிலவான போபோஸில் இருந்து கேட்டு, மொழிபெயர்த்துப் பூமிக்கு அனுப்புகிறது. அந்த மக்களின் பேச்சு குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குத்தான் விளங்கும். ஆகவே படை அவர்களைத்தான் தேடி எடுக்கிறது. அவர்களுக்கு அந்த மொழி தெரியும் என்பதால் படை அவர்களை நம்புகிறது. அதே மொழி தெரியும் என்பதால் சந்தேகப்படுகிறது. இந்த ஒரு ஏற்பாடு போதும், பிளவு தானாக வரும். நீங்கள் போய் அதைத் திணிக்கத் தேவையில்லை.

இப்படி ஒரு வேலை கொழும்பிலேயே நடந்திருக்கிறது. 1942 ஜனவரியில், சிங்கப்பூர் விழப்போகிறது என்ற நிலையில், பிரித்தானியக் கடற்படையின் இரகசியச் செய்தி ஆய்வுப் பிரிவு அங்கிருந்து கொழும்புக்கு வந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய பிறகு கென்யாவின் கிலிந்தினிக்குப் போனது. 1943இல் திரும்பி வந்து, கொழும்பின் கோல்ஃப் மைதானம் ஒன்றில் எச்.எம்.எஸ். அன்டர்சன் என்ற பெயரில் இயங்கியது. பெயரைப் பார்த்தால் கப்பல், உண்மையில் தரையில் நின்ற கொட்டகைகள். உள்ளே தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜப்பானிய மோர்ஸ் ஒலிகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். கேட்டு எழுதுகிறவர் ஒருவர், பொருள் காண்கிறவர் வேறொருவர். இந்தப் பிரிவினையை உங்கள் நாவலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரகசியச் சிப்பாய்க்கு எல்லாம் தெரியும் என்று எழுதுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. அவர்களுக்குத் தங்கள் மேசைக்கு வந்தது மட்டும்தான் தெரியும்.

அடுத்தது இடம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அறிவியல் புனைவில் இடம்தான் பாதிக் கதையைச் செய்துதரும்.

போபோஸ் சுமார் 22 கிலோமீற்றர் அகலமுள்ள ஒரு கல். செவ்வாயின் தரையில் இருந்து ஏறத்தாழ 6,000 கிலோமீற்றர் உயரத்தில், 7 மணி 39 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. செவ்வாய் தன்னைத்தான் சுற்றுவதைவிட இது வேகம். அதனால் தரையில் நிற்பவருக்கு அது மேற்கில் உதித்துக் கிழக்கில் மறையும். நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊருக்கு அது நாலு மணித்தியாலம் சொச்சம் தலைக்கு மேலே இருக்கும், பிறகு ஏழு மணித்தியாலம் போல இருக்காது. என் நாவலின் காலக்கணக்கே இதுதான். மேலே இருக்கும்போது ஊர் வாயைப் பொத்திக்கொள்கிறது. மறைந்ததும் கதைக்கிறது. பிள்ளைகள் கல்லைப் பார்த்து மணி சொல்லப் பழகிவிடுகிறார்கள்.

இன்னொன்று. 70 பாகைக்கு வடக்கே போனால் போபோஸ் கண்ணுக்கே தெரியாது. அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அதாவது அதற்கு வடக்கே கதைப்பதை அந்தக் கல்லில் இருந்து கேட்க முடியாது. இதை அறிந்த இரவு எழும்பி விளக்கைப் போட்டு எழுதத் தொடங்கினேன். கிளர்ச்சிக்காரர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு வானியலே பதில் சொல்லிவிட்டது.

அப்புறம் வெளிச்சத்தின் வேகம். செவ்வாயில் இருந்து பூமிக்கு ஒரு செய்தி போக, கிரகங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 நிமிடம் முதல் 22 நிமிடம்வரை எடுக்கும். போபோஸில் இருந்து செவ்வாயின் தரைக்கோ நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. என் சிப்பாய் தேவகிக்கு மேலிடத்து உத்தரவு பிந்தி வருகிறது, அம்மாவின் குரல் உடனே வருகிறது. போதாததற்கு போபோஸ் எப்போதும் ஒரே முகத்தைத்தான் செவ்வாய்க்குக் காட்டும். அந்தப் பக்கத்தில் நின்று நிமிர்ந்தால் செவ்வாய் அசையாமல் தொங்கும், அடிவானத்தில் இருந்து மறு அடிவானம்வரை அளந்தால் ஏறக்குறைய கால்பங்கு. பூமி ஒரு புள்ளி. விசுவாசம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நான் ஒரு வரிகூட விளக்கவில்லை.

26 மாதத்துக்கு ஒருமுறை போல, பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் வந்து நிற்கும். அந்த நேரத்தில் இரண்டு கிழமை அளவுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவைப்பது இன்றைய விண்வெளி நிறுவனங்களின் வழக்கம். என் நாவலின் கடைசி மூன்றில் ஒரு பங்கு அந்த இரண்டு கிழமைக்குள் நடக்கிறது. மேலிடம் இல்லை. கல்லில் இருக்கும் பத்தொன்பது பேரும் ஒரு கப்டனும்தான். கவனம்: நடுவில் ஒதுக்குப்புறமாக செய்தியை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு செயற்கைக்கோள் வைத்தால் இந்த இடைவெளி போய்விடும் என்று விஷயம் தெரிந்த வாசகர் உடனே கேட்பார். அதை இரண்டாம் அத்தியாயத்திலேயே பழுதாக்கி வைத்தேன். தேவைப்படும் இடத்தில் பழுதாக்கினால் ஆசிரியரின் கை தெரியும்.

விண்வெளியில் ஒளிந்திருப்பது பற்றியும் ஒரு சொல். மனிதர் உள்ள எந்தக் கலமும் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், குளிர்ந்த இருட்டில் அது நன்றாகத் தெரியும். "கண்ணுக்குத் தெரியாத கப்பல்" என்று எளிதில் எழுதிவிடாதீர்கள். என் படை கல்லுக்குள் தோண்டி இருப்பது அதனால்தான். எடை விஷயமும் அப்படியே. 60 கிலோ ஆள் அங்கே 35 கிராம் போல உணர்வாள். துள்ளினால் கீழே வந்து சேரப் பல நிமிடம். அங்கே "விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாள்" என்று எழுத முடியாது. என் சிப்பாய்கள் ஒரு கையால் சுவர்க் கயிற்றைப் பிடித்தபடிதான் மரியாதை செய்கிறார்கள். இப்படிப்பட்ட இரண்டு மூன்று இருந்தால் வாசகர் இடத்தை நம்பிவிடுவார். பதினைந்து இருந்தால் பாடப்புத்தகம்.

சரி, இரகசியத்துக்கு வருவோம். என் கதையின் பூட்டை எனக்குத் தந்தது திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம், 589ஆம் குறள். ஒற்றரை ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல் ஒத்திருந்தால் நம்பலாம் என்கிறது. அதை அப்படியே போபோஸுக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு பேச்சையும் மூன்று பேர் தனித்தனி அறையில் கேட்டு மொழிபெயர்ப்பார்கள். மற்ற இருவர் யார் என்று எவருக்கும் தெரியாது. மூன்று தாளும் கப்டனிடம் போகும். தேவகி செவ்வாயில் இருக்கும் தன் அண்ணனைக் காப்பாற்ற ஒரு சொல்லை மென்மையாக்கினால், மற்ற இரண்டு தாளும் வேறு சொல்லோடு வரும், அவள் பிடிபடுவாள். ஆகவே அவள் மற்ற இருவரும் யார், அவர்கள் மனம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். கேட்கவும் முடியாது. சாப்பாட்டு மேசையில் யார் எந்தச் சொல்லுக்குக் கை நிறுத்துகிறார்கள் என்று பார்க்கிறாள். நாவலின் நடுப்பகுதி முழுவதும் இதுதான், ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

இதற்கு ஒரு கொப்பி கட்டாயம். எண்பது பக்கக் கொப்பியில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். ஆட்களின் பெயரை இடப்பக்கம் எழுதி, அந்த அத்தியாயம் முடியும்போது அவருக்கு என்ன தெரியும், என்ன தெரிந்ததாக நினைக்கிறார், யாரிடம் மறைக்கிறார் என்று மூன்று பத்தி. பென்சிலால் எழுதுங்கள், நிறைய அழிப்பீர்கள். பதினேழாம் அத்தியாயத்தில் கோப்ரல் ஒருவர் தனக்குத் தெரிய வழியே இல்லாத ஒரு பெயரைச் சொல்லிவிட்டார் என்று இந்தக் கொப்பிதான் காட்டித்தந்தது. இரகசியம் பற்றிய நாவலில் அப்படி ஒரு ஓட்டை இருந்தால் வாசகர் மன்னிக்க மாட்டார், மன்னிக்கவும் கூடாது.

பிளவுபட்ட விசுவாசத்துக்கு உதாரணம் தேடி எல்லோரும் கர்ணனிடமும் கும்பகர்ணனிடமும் போவார்கள். நானும் போனேன். அவர்கள் நமக்குள் ஊறியவர்கள், தேடாமலே வருவார்கள். அதனால் தேட வேண்டியது வேறு இடத்தில். நான் வெலிக்கடைச் சிறையைக் கடந்து போகும்போதெல்லாம் 1942ஐ நினைப்பேன். அந்த வருடம் மே மாதம் 8ஆம் திகதி இரவு, கொக்கோஸ் தீவுகளில் நிறுத்தப்பட்டிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் பிரித்தானியருக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். தீவை ஜப்பானியரிடம் கொடுப்பது திட்டம். இயந்திரத் துப்பாக்கி இடையில் சிக்கிக்கொண்டது, கிளர்ச்சி விடியுமுன் அடங்கியது. அதில் செத்தவர் ஒரு இலங்கைச் சிப்பாய். அடக்கியவர்களிலும் இலங்கையர் இருந்தார்கள், அதே பிரிவு. தலைமை தாங்கிய கிரேஷியன் பெர்னாண்டோவும் வேறு இருவரும் ஆகஸ்ட் மாதம் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

இதை வாசித்தபோது என் மனம் நின்ற இடம் அந்தச் சிறிய தீவு. ஒரே அடுப்பில் சமைத்த சாப்பாடு, ஒரே மணல், அன்று பின்னேரம் ஒன்றாக இருந்து கதைத்தவர்கள். கிளர்ச்சியை எழுதும்போது எதிரியைத் தூரத்தில் வைக்காதீர்கள். பக்கத்துக் கட்டிலில் வையுங்கள். கொம்பனித்தெருவில் மலே வீதி, ஜாவா ஒழுங்கை என்று இன்றும் பெயர்கள் இருக்கின்றன. 1803 கண்டிப் போரில் இந்த மலாய் மக்கள் இரண்டு படையிலும் இருந்தார்கள். பிரித்தானியப் பக்கத்துக் கப்டன் நூர்தீன் பிடிபட்ட பிறகு, கண்டி மன்னன் தன் சேவையில் சேரச் சொன்னான். மறுத்தார், கொல்லப்பட்டார். எதிரே நின்றவனும் தன் மொழி பேசுகிறவன் என்ற நிலையில் எடுத்த முடிவு அது.

முடிவு பெரியது. ஆனால் நாவலில் முடிவு வருவதற்கு முன்னால் இருநூறு பக்கம் இருக்கிறது, அதில் பிளவை எப்படிக் காட்டுவது? எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். 2006இல் காலி வீதியில் ஒரு சோதனைச்சாவடி. பஸ்ஸில் இருந்து எல்லோரையும் இறக்கினார்கள். எனக்கு வயது 22. என் அடையாள அட்டையை வாங்கிய சிப்பாய் இளம் ஆள், என்னைவிடச் சின்னவராகக்கூட இருக்கலாம். அட்டையின் முன்புறம் பார்த்தார், திருப்பினார், பிறந்த இடத்தில் பெருவிரலை வைத்தபடி நின்றார். பிறகு தலையை நிமிர்த்தாமல், உதடு அசைந்தும் அசையாமலும், தமிழில் சொன்னார்: "அங்காலயும் பாப்பாங்க. காட்டை கையிலயே வச்சுக்கொள்ளுங்க." அடுத்த நொடி பக்கத்தில் நின்றவருக்குக் கேட்கும்படி உரத்த குரலில், சிங்களத்தில், "ஹரி, யன்ட." சரி, போங்க என்று பொருள். அட்டையை நீட்டினார். அவர் யார், தமிழ் எங்கே படித்தார், எனக்கு ஏன் சொன்னார், ஒன்றும் தெரியாது. ஒரே வாயில் இரண்டு குரல். அந்தப் பெருவிரலும் இரண்டு குரலும் என் நாவலில் மூன்று இடத்தில் வருகின்றன, வேறு வேறு ஆட்களிடம். உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். மனப்போராட்டத்தை அரைப் பக்கம் விவரிப்பதற்குப் பதிலாக அதைத் தேடி எடுங்கள்.

மொழி. பதவிப் பெயர்களை நமக்குப் பழகியபடியே வையுங்கள்: கோப்ரல், சார்ஜன்ட், லெப்டினன்ட், கப்டன், மேஜர். தளபதி, படைத்தலைவன் என்று போட்டால் வாசகர் காதில் சோழர் காலம் வந்துவிடுகிறது. கருவிகளுக்கு நீளமான புதுச் சொற்களைக் கட்டாதீர்கள், சிப்பாய்கள் எதையும் வெட்டிச் சுருக்கித்தான் சொல்வார்கள். என் ஆட்களுக்குப் போபோஸ் வெறும் "கல்". கேட்கும் முறைக்குப் பெயர் "காது". சாப்பாட்டறையில் ஒருவர் கேட்கிறார், "இண்டைக்குக் காது ஆருக்கு?" இன்னொருவர், "எனக்குத்தான், விடியும்வரை." ஆளுக்கு ஆள் பேச்சும் மாற வேண்டும். தேவகி கப்டனிடம் "சேர்" போட்டுக் கதைப்பாள், தன்னைவிட மூத்த சார்ஜன்டைத் தனியே இருக்கும்போது "அண்ணா" என்பாள். ஒருநாள் அவரைத் தனியிடத்திலும் "சார்ஜன்ட்" என்று கூப்பிடுகிறாள். அவருக்கு விளங்கிவிடுகிறது. தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைத்த வரம் இது, ஒரு விளிச்சொல்லை மாற்றினால் ஒரு உறவு முறிந்தது தெரியும்.

என் முதல் பிரதியில் முதல் நாற்பது பக்கம் செவ்வாய்க் குடியேற்றத்தின் வரலாறு. ஒன்றரை வருட உழைப்பு. என் சினேகிதி ஒருத்தி வாசித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டாள்: "இந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஆர் இருக்கினம்?" நாற்பதில் எங்கேயும் இல்லை. அத்தனையையும் எடுத்துவிட்டு, அம்மா வானொலியில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்று யாரிடமோ முறையிடுவதை மகள் மேலே இருந்து கேட்பதில் தொடங்கினேன். வரலாறு தேவைப்பட்ட இடங்களில் வரி வரியாக உள்ளே போனது.

போர்க்காட்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. குறுகியதாக எழுதுங்கள், யார் எங்கே நிற்கிறார் என்று தாளில் கீறி வைத்துக்கொண்டு எழுதுங்கள். நம் ஊரில் இதை வாசிக்கிறவர்களில் பலருக்குச் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரியும். அதற்கு மரியாதை கொடுங்கள்.

எழுதி முடித்ததை வாய்விட்டு வாசியுங்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போது யன்னல் அதிரும், அந்த இரைச்சலுக்குள் நான் வாசிப்பேன், வீட்டில் யாரையும் எழுப்பாது. நாக்கு தடக்கும் வரியைக் கோடிடுங்கள். சிப்பாய்களின் பேச்சில் நான் கோடிட்டவை எல்லாம் நான் என் அறிவைக் காட்டிய இடங்கள்.

கடைசியாக, அந்தச் சொல். சூரியன் நடுவே நிற்கும் பதினோராம் நாள், அண்ணனின் குரல் வருகிறது. இப்படித்தான் எழுதினேன்:

"அவையளை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றான். பின்னால் யாரோ கரண்டியைக் கீழே வைத்த சத்தம். பேச்சு அறுந்தது. தேவகி பதிவைத் திருப்பினாள். அவையள் என்றது ஊரில் விட்டுவந்த பிள்ளைகளையா, கல்லில் இருப்பவர்களையா? தாளில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. சுவருக்கு அப்பால், பெயர் தெரியாத இரண்டு பேர் இதே வரியைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். பென்சில் முனையை நாக்கில் வைத்து நனைத்தாள்.

அவள் எழுதியதை அந்த அத்தியாயத்தில் காட்டவில்லை. அடுத்த அத்தியாயம் கப்டனின் மேசையில் தொடங்குகிறது. மூன்று தாள், மூன்றிலும் ஒரே சொல், மூன்று கையெழுத்து. உங்கள் நாவலிலும் சிப்பாய் எந்தப் பக்கம் என்பதை அவர் வாயால் சொல்ல வைக்காதீர்கள். அந்தத் தாளைக் கப்டன் கையில் கொடுத்து, அவர் அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதுங்கள்.